அளவுக்கு வைத்த பழைய ஃபோர்க்

மதியத் தூறலில் தெருவே கண் சொக்கிக் கிடந்தது. பக்கத்து அறையில் மனைவி படுத்திருக்க, தையல்காரர் வெட்டுமேசை ஓரமாக அவளுடைய பழைய மலை சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தார். விழுந்து அவள் மணிக்கட்டு முறிந்த நாளிலிருந்து, எலும்பு கூடிய பின்னும், அது நடைச்சுவரில் சாய்ந்தே கிடந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஸ்பிரிங் இறுகிப்போய், வழியில் இருக்கிற கல்லையெல்லாம் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தது.

"புது ஃபோர்க் போடுங்க. ஆனா கைப்பிடி பழைய இடத்துல இருக்கணும். வேற யாரோட சைக்கிளோ மாதிரி இருந்துச்சுன்னா இனிமே ஏறவே மாட்டேன்" என்றிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். முன்பெல்லாம் காலையில் இருவரும் மேடேறுவார்கள். வளைவுக்கு வளைவு ஒரு காலை ஊன்றி அவருக்காக நிற்பாள். அந்தக் காலைகள் இல்லாமல் மனிதர் பாதியாகிப் போயிருந்தார்.

சட்டத்தின் கழுத்துக்குள் ஏறிக் கைப்பிடியைத் தாங்கும் தண்டு, புது ஃபோர்க்கில் மேலே ஒல்லி, அடியில் குண்டு. பழைய சட்டத்தின் கழுத்தோ நேர்க்குழாய். கடைக்காரர் ஃபோர்க்கோடு கொடுத்த இரும்புக் கிண்ணத்தைக் கழுத்துக்கு அடியில், வெளிப்புறமாகப் பொருத்தினால்தான் அந்தக் குண்டு உட்காரும். உட்கார்ந்தது. தண்டுதான் நீளம், வெட்ட வேண்டும்.

அங்கேதான் தொழில்புத்தி குறுக்கே வந்தது. அளவுச் சட்டை கொடுத்தவர்களின் உடம்பில் அவர் டேப் வைத்ததே கிடையாது. பழைய ஃபோர்க்கைப் புதியதன் பக்கத்தில், தண்டுகளின் அடி ஒன்றுசேர வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, ரம்பத்தை ஓட்டினார். துணியென்றால் தையலுக்கு இரண்டு விரல் விடுவார். குழாய்க்கு ஏது தையல்?

மாட்டிப் பார்த்தால் தண்டு கைப்பிடி வரை எட்டவில்லை. ஒரு விரல் குறைச்சல், கிண்ணம் தின்ற உயரம்!

"ஐயையோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சம் நூல்கண்டுகள் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எங்கோ மேட்டில் அவள் மிதித்துப் போவதுபோலவும், தன்னால் எட்டிப் பிடிக்க முடியாததுபோலவும் இருந்தது.

கைப்பிடியை உயர்த்த அதன் அடியில் கொடுத்திருந்த பழைய வளையங்கள் இருந்தன. வேறு வழியில்லாமல் அவற்றைப் போடாமலே மாட்டினார். கைப்பிடி தண்டை முழுதாகக் கவ்வியது. ஆனால் கைப்பிடி இறங்கியிருக்குமே! நடைச்சுவரில் அது உரசி உரசி விழுந்த கறுப்புத் தழும்பு இருந்தது. சைக்கிளைக் கொண்டுபோய் அங்கே சாய்த்துவிட்டு, பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?" மனைவி பின்னால் நின்றாள்.

கண்ணைத் திறந்தார். கைப்பிடி தழும்பின் மேலேயே இருந்தது. சக்கரத்தைப் பிடிக்கும் கால்களில் புது ஃபோர்க் பழையதைவிட நெட்டை. அதுவும் கிண்ணமும் ஏற்றிவிட்டதை, வளையங்கள் போனது இறக்கிவிட்டிருந்தது.

அவள் கைப்பிடியைப் பற்றி அழுத்தினாள். முன்பக்கம் மெத்தென்று தாழ்ந்து எழுந்தது. "வலிக்கலையே."

"தப்பா வெட்டிட்டேம்மா."

"தெரியும். ஐயையோன்னீங்களே, முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அவ்வளவுதான், இனி ஓட்டவே போறதில்லன்னு தலையணையில மூஞ்சிய வச்சு அழுதேன்."

சொல்லிக்கொண்டே சைக்கிளோடு வாசல் இறங்கிவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, தன் சைக்கிளைத் தள்ளியபடி ஓடினார். தூறலுக்குள் தெருமுனையில் அவள் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.