ரம்பத்தின் வலது கை

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ரம்பம். எலும்பு அறுக்க ஒரு ரம்பம் கையில், இன்னொன்று வாயில். அவர் தீட்டி வைத்த கத்தியில் உட்கார்ந்த ஈ, எழும்பும்போது இரண்டு ஈயாகப் பறந்து போனதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். சாட்சி வேண்டுமென்றால் அந்த ஈக்களைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது அவருடைய வலது கையே அறுவைசிகிச்சை மேசைமேல் கிடந்தது. மணிக்கட்டில் நடுநரம்பு நெரிபட்டு ஆறு மாதமாக விரல்கள் மரத்திருந்தன. டீ கிளாஸ் நழுவியதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கதை சொல்லும்போது கை கூடவே வராததைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்படியே வாய்க்கும் ரெண்டு தையல் போட்டு அனுப்புங்க" என்று வாசல்வரை வந்த அவர் மனைவி டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள்.

டாக்டரைப் பார்த்ததும் ரம்பம் மேசையிலிருந்து கையை இழுத்துக்கொண்டார். முகக்கவசத்துக்கு மேலே அதே கண்கள். ஆறாம் மேசைப் பெண்!

பிணங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடியில், உடற்கூறு அறையில் எல்லார் கண்ணிலும் தண்ணீர் வரும். அவள் மட்டும் நிஜமாகவே அழுத நாள் ஒன்று உண்டு. பேராசிரியர் மதிப்பெண் போட வரும் நேரம். "கொழுப்பை விலக்க கத்தி முனை எதுக்கு? பிடியால தள்ளு" என்று ரம்பம் தலைபாடாய் அடித்துக்கொள்வார். அவள் முனையால்தான் விலக்கினாள். சரக்! பிணத்தின் நடுநரம்பு இரண்டு துண்டு.

"அண்ணே, நான் செத்தேன்!"

"மெதுவா சொல்லு பாப்பா. ஏற்கெனவே இங்க இடமில்ல."

போர்வை நூலைப் பிரித்து, பசையில் நனைத்து ஒட்டிவிட்டார். பேராசிரியர் வந்து அதை இடுக்கியால் தூக்கிப் பார்த்து, "நரம்புன்னா இப்படித் தெரியணும்" என்று வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினார். முதல் மதிப்பெண் அவளுக்கு.

"டாக்டரம்மா, இதுவும் அதே நரம்பு."

"ஞாபகம் இருக்குண்ணே."

"எனக்கும் இருக்கு. அதான் பயமா இருக்கு."

"அப்புறம் ஆயிரம் கை பாத்துட்டேன்."

"எத்தனை ஒட்டினது?"

நர்ஸ் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "கத்தியத் தொட்டாலே உங்க குரல்தான் கேக்குது. இன்னிக்கு மட்டும் கொஞ்சம் சும்மா இருங்க."

கை மரக்க ஊசி போட்டார்கள். நடுவில் பச்சைத் துணி மறைத்தது. பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தை ரம்பம் செய்தார்: வாயை மூடினார். தட்டில் கருவிகள் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தார். இது கத்தரி. இது பல் வைத்த இடுக்கி. கத்தி ஒரே தடவை எழுந்து சீக்கிரமே தட்டுக்குத் திரும்பியது. பிறகு அவர் அன்று சொன்னபடியே மழுங்கிய முனைக் கருவிதான் வேலை செய்தது. பழைய அறையின் ஈரத் தரையும், வரிசையாகத் தொங்கிய வெள்ளைக் கோட்டுகளும் கண்முன் வந்தன. இங்கே ஃபார்மலின் இல்லை. கண் மட்டும் ஏனோ கரித்தது.

மாலையில் மரப்பு விட்டதும் டாக்டர் வந்தாள். "கட்டை விரலால சுண்டு விரலைத் தொடுங்க."

விரல் அசையவில்லை.

"இன்னொரு தடவை... அண்ணே?" அவள் முகம் வெளுத்து, ஆறாம் மேசைக்கே போய்விட்டது.

ரம்பம் பெருமூச்சு விட்டார். பிறகு கட்டை விரல் நிதானமாக நடந்து போய்ச் சுண்டு விரலைத் தொட்டது.

"இதெல்லாம் ஒரு விளையாட்டா? உயிரே போயிடுச்சு!"

"என் வாயையே மூட வச்சீங்க இல்ல?"

அவள் கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "சரி சொல்லுங்க, நம்ம பேட்ச்ல வேற யாரெல்லாம் மாட்டினாங்க?"

"மூணாம் மேசையில ஒருத்தன் இருந்தான் பாருங்க..." கட்டுப்போட்ட கை தானாகவே காற்றில் எழுந்தது.