தப்பாக மாட்டிய கதவு

ஒரு விரலால் தொட்டேன். கதவு வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டது. சட்டென்று இழுத்து மூடினேன்.

நேரலை தொடங்க இன்னும் நாற்பது நிமிடம். மேடையில் ஒரு வீட்டு அறையை செட் போட்டிருந்தார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் வரைந்த பொய் ஜன்னல், நடுவில் இந்தக் கதவு. பழைய செட்டை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறோம் என்று ஒரு வாரமாக விளம்பரம் செய்தார்கள். அப்படியேயாம். பழைய செட்டைக் கட்டிய தச்சன் நான். பார்வையாளர் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து மூன்றாம் வரிசையில் உட்காரச் சொன்னவர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டோவைப் பார்த்துக் கட்டினார்களாம். போட்டோவில் கதவின் நிறம் தெரியும். எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியுமா?

கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இரண்டு படி இறக்கம். அதற்குக் கீழே சிமெண்டுத் தரை. கதவைப் பிடித்து வைத்திருந்தது விரல்நகம் அளவுக்கு ஒரு காந்தம்.

இந்தக் கதவில்தான் மாப்பிள்ளை தோளால் மோதப் போகிறார்.

மாப்பிள்ளை என்றால் என் மாப்பிள்ளை இல்லை, ஊருக்கே மாப்பிள்ளை. நாற்பது வருஷத்துக்கு முன்னால், வாரா வாரம் டிவியில் மாமனார் வீட்டுக்கு வந்து திட்டு வாங்கிக்கொண்டு போகும் மருமகனாக நடித்தார். அந்த அரைமணி நேரம் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. எழுபத்தெட்டு வயதிலும் கடைக்குப் போனால் "வாங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்கிறார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

அவரை அப்படி ஆக்கியது என் தப்பு.

செட் கதவு அறைக்கு வெளியே திறக்க வேண்டும். உள்ளே திறந்தால் கேமராவை மறைக்கும். அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இது பாலபாடம். நான் வீடு கட்டும் வேலையிலிருந்து புதிதாக வந்தவன். வீட்டுக் கதவு உள்ளே திறக்கும். கை பழகினபடி கீலை மாட்டிவிட்டேன். முதல் வாரமே நேரலை. மாமனார் "வெளியே போடா!" என்று கத்துகிறார். மாப்பிள்ளை ரோஷமாகத் திரும்பி, கதவைத் தோளால் இடித்துக்கொண்டு போக வேண்டும். இடித்தார். அசையவில்லை. சுவர் ஆடாமல் இருக்கப் பின்னால் நின்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. "இழுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இடுக்கு வழியாக மெல்லிய குரல் வந்தது.

"இது திறக்காதா?"

"தள்ளினா திறக்காதுங்க."

"ரொம்ப நல்லது. பேசாம இரு."

அப்புறம் நாலு நிமிஷம் அந்தக் கதவோடு மல்லுக்கட்டினார். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் என் காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "அவன் போனா நானும் போறேன். அரைமணி நேரத்துல எல்லாரும் சிரிச்ச ஒரே இடம் அவன் செஞ்சதுய்யா." அன்று எனக்கு ஆணி என்று பேர் வைத்தார்.

ஏழு வருஷம். வாரம் ஒரு முறை அவர் மோதுவார், நான் பின்னால் தாங்குவேன். முடிந்ததும் தோளைத் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் வந்து, "பத்துக்கு எத்தனைடா?" என்பார். நாலு என்பேன். ஐந்து என்பேன். ஆறுக்கு மேல் கொடுத்ததில்லை. கொடுத்தால் தலைக்கு ஏறிவிடும். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் காட்சியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. சத்தமாகத்தான் தெரியும். மூன்று இடி. ஒரு இருமல். ஒற்றை விரலால் தட்டும் சத்தம். அப்புறம் கதவிடம் மன்னிப்புக் கேட்பார்.

காதில் ஹெட்செட் மாட்டிய ஒரு பெண் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். மறித்தேன்.

"அம்மா, இந்தக் கதவை மாத்திப் போடணும். கீலை இந்தப் பக்கம் போட்டா போதும். ஒரு திருப்புளி குடு, பத்து நிமிஷ வேலை."

"தாத்தா, செட்டை யாரும் தொடக்கூடாது. நீங்க சீட்ல போய் உக்காருங்க."

"அவரு இதுல தோளால இடிப்பாரும்மா. இடிச்சா அந்தப் பக்கம் போய் விழுவாரு."

"இல்ல தாத்தா. லேசா தொடுற மாதிரி பண்ணினா போதும்னு சொல்லியாச்சு. சாயங்காலம் வேற ஒருத்தரை வச்சு ஒத்திகையும் பாத்தாச்சு."

"சரி, ரெண்டு திருகு போட்டு மூடிடு."

"மூட முடியாது. கடைசியில தொகுப்பாளர் பூங்கொத்தோட அந்தக் கதவு வழியாத்தான் வருவாரு."

பூங்கொத்து வருவதற்காக ஒரு மனுஷன் இடுப்பு உடைய வேண்டுமாம். இந்தக் காலத்து ஆட்கள் தலையை ஆட்டினால் சரி என்று அர்த்தமில்லை, நீ போகலாம் என்று அர்த்தம். அவள் தலையை ஆட்டினாள். நான் மேக்கப் அறைக்குப் போனேன்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்ததில் வலது கால் இன்னும் இழுத்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டேய் ஆணி! இன்னும் போய்ச் சேரலையா நீ?"

"உங்களை முதல்ல அனுப்பி வைக்கத்தான் அண்ணே காத்துக்கிட்டு இருக்கேன். இங்க பாருங்க, கதவை வேற மாதிரி மாட்டியிருக்கானுங்க. தள்ளினா திறந்துடும். மோதாதீங்க. கையால தொட்டா போதும். கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. கையால தொட்டா போதும்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை அந்த ஆறுதல். அவர் கண்ணாடியைப் பார்த்து இடது தோளை இரண்டு தடவை சுழற்றினார். "கதவை வழக்கம்போலத்தானே மாட்டியிருக்கே? இன்னிக்கு ஒரு இடி இடிக்கிறேன் பாரு."

அவர் மகள் என்னை வெளியே கூட்டிவந்தாள். சின்ன வயதில் என் மரத்தூளில் விளையாடிய பெண், இப்போது அவளுக்கே தலை நரைத்திருந்தது.

"ஆணி மாமா, சொன்னா நிக்காது. காலையில என்ன சாப்பிட்டோம்னே தெரியல. பழசு மட்டும் அச்சு அசலா இருக்கு."

"அப்ப நிறுத்திடும்மா. வேண்டாம். வெறுமனே ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டும்."

"மூணு மாசமா இதுக்காகத்தான் நடை பழகினாரு, மாமா. விழுந்து விழுந்து எழுந்தாரு. இப்ப வேண்டாம்னா அதுக்கப்புறம் அவரு எழுந்திருக்கவே மாட்டாரு." என் கையைப் பிடித்தாள். "நீங்க பின்னாடி நிக்க முடியுமா?"

எனக்கு எழுபத்திநாலு. முட்டி இரண்டும் போச்சு. நின்றுதான் ஆக வேண்டும்.

இருட்டில் சட்டங்களைத் தடவித் தடவிப் பின்பக்கம் போனேன். படியில் ஏறி வலது தோளைக் கதவில் கொடுத்து, ஒரு காலைப் பின்னால் ஊன்றினேன். பூங்கொத்தோடு காத்திருந்த தொகுப்பாளர் பதறினார்.

"பெரியவரே, இங்க நிக்கக்கூடாது. என்ன பண்றீங்க?"

"கதவா நிக்கிறேன். சத்தம் போடாதீங்க."

அவர் ஹெட்செட் பெண்ணுக்குக் கை காட்டினார். அவள் ஓடிவந்தாள். அதற்குள் மேடையில் இசை எழுந்து, கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இனி யாரும் என்னை இழுக்க முடியாது, இழுத்தால் சுவர் ஆடும். அவளும் தெரிந்துகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

காலை இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது. மாமனாராக யாரோ புதியவர் கத்தினார், "வெளியே போடா!" எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார்? வேகமாக வருவாரா, மெதுவாக வருவாரா? முன்பென்றால் காலடியை எண்ணிச் சொல்லிவிடுவேன். இப்போது அந்தக் கால் வேறு கால்.

இடி விழுந்தது. தோள் எலும்பு வரை இறங்கியது. கதவு ஒரு விரல்கடை விலகிற்று, முட்டுக்கொடுத்துத் திரும்ப மூடினேன். ஜனங்கள் சிரித்தார்கள். இரண்டாவது இடி. படியில் என் செருப்பு வழுக்கியது. தொகுப்பாளர் பூங்கொத்தை வீசிவிட்டு என் முதுகைத் தாங்கினார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூன்றாவது இடி.

இப்போது இருமல் வர வேண்டும். வரவில்லை.

ஜனங்களின் சிரிப்பு மெல்லத் தேய்ந்தது. யாரோ ஒருவர் மட்டும் கடைசியாகச் சிரித்து, அவரும் நிறுத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் இடுக்கில் அந்தக் குரல், ரொம்பச் சின்னதாக.

"ஆணி. அப்புறம் என்னடா?"

இருமுங்க என்று சொன்னால் முன்வரிசைக்குக் கேட்கும், மானம் போய்விடும். விரலை மடக்கி என் பக்கத்திலிருந்து கதவைத் தட்டினேன். ஒரே ஒரு தட்டு.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினேன்.

"யாரது?" என்றார் அவர், உரக்க. அது பழைய வசனம் இல்லை. "நான் வெளியே போகணும்னு நிக்கிறேன். நீங்க உள்ளே வரணுமா? வராதீங்க ஐயா, உள்ளே மாமனார் இருக்காரு!"

பலகை அதிர்ந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதிர்ந்த மாதிரியே. அதற்குப் பிறகு இருமல் தானாக வந்தது, ஒற்றை விரல் தட்டு வந்தது. கதவிடம் மன்னிப்புக் கேட்டார், அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஆனால் மூச்சு இரைப்பது கூடிக்கொண்டே போனது. அன்றெல்லாம் ஜன்னல் வழியாகக் குதித்து முடிப்பார். இன்று ஜன்னல் வெறும் பெயிண்ட். போதும் என்று எனக்குத் தோன்றியது. தோளை எடுத்துவிட்டு, கதவை மெதுவாக என் பக்கம் இழுத்தேன்.

வெளிச்சத்தில் நின்றார். நான் முதன்முறையாக அந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பார்த்தேன். திருட்டு முழி முழிக்கும் ஒரு பிள்ளையின் முகம். கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜனங்கள் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டு, படியில் கால் வைத்தார். ஒரு கையை நான் பிடித்தேன், மறு கையை ஹெட்செட் பெண் பிடித்தாள். கீழே இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். வெளியே கைதட்டல் நிற்கவில்லை.

அவர் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"எத்தனைடா?"

என்னாலும் கையைத் தூக்க முடியவில்லை. "ஆறு," என்றேன்.

"கஞ்சப்பய." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அப்புறம் கதவைத் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "எந்த மடையன்டா இதைச் சரியா மாட்டினது?"