நாலு மணி வெயில்

“கூடத்துல இல்ல. நேரா சமையலறைக்குக் கொண்டுபோங்க” என்றாள் அவள்.

அவள் கணவரின் உடலை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்த நான்கு பேரும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். முன்னால் பிடித்திருந்தவன் அவர் மாணவர்களில் மூத்தவன். அவர் வாயைத் திறக்கும் முன்பே “ஆமா சார்” என்று சொல்லிப் பழகியவன். அதனால் அவள் மனதுக்குள் அவனுக்கு ஆமாஞ்சார் என்று பெயர். இன்றைக்கு யாருக்கு ஆமா போடுவதென்று தெரியாமல் விழித்தான்.

“அம்மா, கூடத்துல பெஞ்செல்லாம் போட்டாச்சு.”

“பாத்தேன். எடுத்து ஓரமா வைங்க.”

பெஞ்சு போட்டதில் தப்பில்லை. செத்தால் தன்னைக் கூடத்து நடுவில் கிடத்த வேண்டும், நாலு மணி வெயில் தன் மேல் விழுந்த பிறகே தூக்க வேண்டும் என்று மேடையிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கியவர் அவர். அந்தப் படத்துக்காகவே கேமராவோடு இரண்டு பேர் மத்தியானமே வந்து மூலையில் இடம் பிடித்திருந்தார்கள்.

குன்றின் அடிவாரத்தில் அவரே வரைந்து கட்டிய வீடு. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணிலேயே செங்கல் அறுத்தார். அங்கே கிடந்த கல்லையே பிளந்து தரைக்குப் போட்டார். நடுவில் நின்ற மரத்தை வெட்ட மனசு வராமல் கூரையை வளைத்தார். மேற்குப் பக்கம் கூரையில் ஒரு திறப்பு விட்டார். அதன் வழியே இறங்கும் வெயில் மெல்ல நகர்ந்து, நாலு மணிக்குக் கூடத்து நடுவே வந்து நிற்கும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள்.

கிழக்கே குன்று. குன்றோடு குன்றாகச் சமையலறை. அதன் பின்சுவர் சுவரே இல்லை, வெறும் பாறை. ஜன்னல் கிடையாது. பாறையைக் குடைந்தால் இடத்தின் உயிரே போய்விடும் என்றார். சரி, பக்கத்துச் சுவரிலாவது ஒரு ஜன்னல் வையுங்கள் என்று கேட்டாள். வெளியிலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்குமாம்.

“சமையல்ல எவ்வளவு நேரம் இருந்துடப் போற?” என்று சிரித்தார்.

கல்யாணமாகி வந்தவள் தலை நரைக்கும்வரை இருந்தாள். பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். மழைக்காலத்தில் பாறை கசிந்து உப்பு நீர்த்துப்போகும். “பாறை மூச்சு விடுது” என்று விருந்தாளிகளிடம் ரசித்துச் சொல்வார். அந்த மூச்சைக் குனிந்து குனிந்து துணியால் துடைத்தவள் அவள். மரத்துக்கு நோகக் கூடாது, மண்ணுக்கு நோகக் கூடாது, பாறைக்கு நோகக் கூடாது. நோவதற்கென்று வீட்டில் ஓர் ஆள் இருக்கும்போது மற்றதெல்லாம் எதற்கு நோக வேண்டும்?

நாலு மணி என்பது அவளுக்கு டீ நேரம். எல்லோரும் கூடத்தில் வெயிலைப் பார்த்து வாய்பிளந்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் தட்டோடு வந்து, தட்டோடு போவாள். ஒருமுறை புத்தகத்துக்காகப் படமெடுக்க வந்த பெண் கேட்டாள்: “இப்படி ஒரு வெளிச்சத்துல வாழ்றது எப்படி இருக்கு மேடம்?”

“டீ ஆறுது, குடிங்க” என்றாள். அந்தப் புத்தகத்தில் சமையலறை இல்லை. அதன் கதவைச் சாத்திவிட்டுத்தான் படமே எடுத்தார்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடத்துலதானே?” என்றார்.

“உங்க இஷ்டப்படி நடக்காதது அந்த வீட்டுல என்ன இருக்கு?” என்றாள். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். “அண்ணி, இது அண்ணனோட கடைசி ஆசை. ஊரே பாக்குது.”

“பாக்கட்டும். இந்த வீட்டுல ஊரு பாக்காத இடம் அது ஒண்ணுதான்.”

“இதென்ன அண்ணி, பழி வாங்குற மாதிரி?”

“மாதிரி இல்ல” என்றாள்.

நாத்தனார் தன் அண்ணன் மகளைப் பார்த்தாள். ஆமாஞ்சாரும் மகளைப் பார்த்தான். அப்பா செல்லம் என்று பெயரெடுத்தவள் அவள். மகள் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். சமையலறையில் காஸ் சிலிண்டரை ஓரமாக நகர்த்தும் சத்தம் கேட்டது.

கிடத்தியபோது இடம் போதவில்லை. தலை பாறைச் சுவரை முட்ட, முழங்காலுக்குக் கீழே வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

“கால் வெளிய இருக்கே அம்மா” என்றான் ஆமாஞ்சார்.

“உள்ள ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் வெளியதான் நிக்கணும். கட்டினவரு அவருதான்.”

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். மாலையோடு வந்த பெரிய மனிதர் ஒருவர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். உள்ளே போனவர்கள் செத்தவர் முகத்தைவிடப் பல்பையும், கரி பிடித்த கூரையையும், கசிந்து வழிந்த பாறையையும்தான் அதிக நேரம் பார்த்தார்கள். வெளியே வந்த மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “இது சாரோட கிச்சனா?”

“இல்லம்மா, என்னோடது.”

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். அதைப் பார்த்து இவளுக்கு மனசு குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததில் கொஞ்சமும் வெட்கமில்லை.

நாலு மணிக்கு வெயில் வந்தது. கூடத்தில் நின்றவர்கள் பழக்கதோஷத்தில் விலகி வழிவிட்டார்கள். வெறும் கல் தரையில் வெயில் பளிச்சென்று விழுந்து கிடந்தது. சுற்றிலும் அத்தனை பேர் கைகட்டி நின்றார்கள். கேமராக்காரர்கள் எதை எடுப்பதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெயில் அங்கே நிற்காமல் கிழக்கே நகர ஆரம்பித்தது.

முதலில் கவனித்தவன் ஆமாஞ்சார்தான். “கால்! இன்னும் கொஞ்ச நேரத்துல சார் கால்ல விழும்” என்றான். கேமராக்கள் திரும்பின. நாத்தனார் கைகூப்பினாள்.

கட்டினவர் கணக்கு செத்த பிறகும் தப்பவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கால்களைத் தாண்டி உள்ளே போனாள். காய் நறுக்கும் முக்காலியை எடுத்துக்கொண்டு வந்தாள். கால்களுக்கு முன்னால் அதைப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வெயில் அவள் பாதத்தில் ஏறியது. பிறகு மடியில். பிறகு முகத்தில். கண் கூசியது. இவ்வளவு இதமாக இருக்கும் என்று யாருமே அவளிடம் சொன்னதில்லை.

“அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்” என்றான் கேமராக்காரன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. “நாலு மணிக்கு மேல ஆச்சு. யாராச்சும் எனக்கு ஒரு டீ போடுங்க” என்றாள்.

மகள்தான் எழுந்தாள். அப்பாவின் தலைமாட்டில் அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

டம்ளர் கைக்கு வந்ததும் ஆறுவதற்குள் குடித்தாள். வெயில் சுவரேறிப் போகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பின்னால் அந்த இரண்டு பாதங்களின் மேலும் அவள் நிழல் விழுந்திருந்தது.