மலைக்கு ஒரு பதினைந்து அங்குலம்

மில்லவத்தைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் நிற்கும் பதினோராம் நம்பர் மலை, ஜூலியட் வாசிக்கும் பாஸ் கிட்டாரைக் கேட்பதற்காக இரண்டு வருஷத்தில் ஒன்பது அடி கீழே இறங்கி வந்தது. அதே இரண்டு வருஷத்தில் இறப்பர் விலை மூன்று தடவை இறங்கி ஒரு தடவை ஏறியது. நாளுக்கு நாலு முறை வந்துகொண்டிருந்த இரத்தினபுரி பஸ் இரண்டு முறையானது. மலை இறங்கியதில் சத்தம் இல்லை, புழுதி இல்லை. மரங்கள் நின்றது நின்றபடி, சிரட்டைகளில் வடிந்த பால் ஒரு சொட்டுச் சிந்தாமல், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவரைப் போல அது வந்தது. முதலில் கண்டுபிடித்தவள் லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருக்கும் கருப்பாயி. பின்வாசலிலிருந்து வாழைப் புதருக்குத் தினமும் பதினோரு எட்டு வைக்கிறவள், ஒரு காலை எண்ணிப் பார்த்தபோது ஏழே எட்டில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அறுபது வயதில் தனக்குக் கால் நீண்டுவிட்டது என்று இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தாள். மூன்றாம் நாள், கட்டிய சேலை எப்போதும் போலக் கணுக்காலில்தான் நிற்கிறது என்று பார்த்த பிறகு, "அட, நான் வளரலடி. மலைதான் வாழையையும் தள்ளிக்கிட்டு வந்திருக்கு" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

ஜூலியட் அதே லயத்தின் நடுக் காம்பராக்காரி. விடிந்ததும் இருநூற்றைம்பது மரம் பால் வெட்டி, ஸ்டோரில் அளந்து கொடுத்து, வந்து சோறாக்கி, மூன்று மணிக்கு வாசற்படியில் கிட்டாரோடு உட்காருவாள். அவள் புருஷன் செபஸ்ரியன் டிரம்ஸ் அடிக்கிறவன். கல்யாணம், மாதா கோயில் திருநாள், மாரியம்மன் திருவிழா என்று வித்தியாசம் பார்க்காமல் போகிற பேண்ட் ஒன்று வைத்திருந்தான். அதில் பாஸ் வாசித்தவன் கட்டார் நாட்டு வேலைக்குப் போனதும், "நாலே நாலு கம்பி, அதையும் தொடுறதுக்கு ஆள் இல்லையா" என்று ஆணியில் தொங்கிய கிட்டாரை இறக்கியவள் ஜூலியட்தான். சும்மா சொல்லக்கூடாது, பால் கத்தி பிடித்துக் காய்த்த அந்த விரலுக்குத் தடித்த கம்பியெல்லாம் பூனைக்குட்டி மாதிரி அடங்கியது. எவ்வளவு ஆழம் கீறினால் பால் வரும், அதற்கு மேல் மயிரிழை போனால் மரம் கெடும் என்று தெரிந்த கை அது. எந்தச் சுரத்தை எவ்வளவு அழுத்துவது என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குறை ஒன்றுதான். அவள் வாசித்தது பிஸ்கட் டின் அளவிலான ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில். அதன் சத்தம் லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலி வரை போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். லயத்துக்கு அது போதும், மலைக்குப் போதவில்லை. காது மந்தமானவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வருவார்களே, அப்படித்தான் அது வந்தது.

வாசிக்காதே என்றது லயம். ஜூலியட் கிட்டாரை உறைக்குள் போட்டு ஒரு மாதம் சும்மா இருந்தாள். அந்த ஒரே மாதத்தில் மலை இரண்டு அடி வந்தது. "ஓடிக்கிட்டிருந்த ரேடியோ நின்னா என்னான்னு எட்டிப் பாக்க வரமாட்டானா மனுசன்? வாசிச்சுத் தொலை புள்ள, இல்லாட்டி என் அடுப்படிக்கே வந்து உக்காந்துரும்" என்றாள் கருப்பாயி. இதற்கிடையில் மண்சரிவு பார்க்கிற மண் ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். சிங்களவர், பொறுமையான மனுஷன். மலையடிக்கும் லயத்துக்கும் நடுவே பத்துச் சிவப்புக் கட்டைகளை அடித்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் திரும்பி வருவேன், ஒரு கட்டை சாய்ந்திருந்தாலும் பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னார். மண்டபம் என்றால் என்னவென்று லயத்துக்குத் தெரியும். முந்தைய மழை வருஷம் ஒன்றில் ஏழு மாதம் அங்கே சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். அந்த ஏழு மாதத்தில் ஜூலியட்டும் செபஸ்ரியனும் போட்ட ஒவ்வொரு சண்டைக்கும் பதினோரு குடும்பம் தீர்ப்புச் சொன்னது. இன்னொரு தடவை அங்கே போவதில்லை என்று ஜூலியட் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். "அது கேக்கத்தானே வருது. நின்ன எடத்துலயே கேட்டுச்சின்னா ஏன் வரப்போகுது?" என்றாள் புருஷனிடம். "அப்ப மலைக்கு ஹெட்ஃபோன் வாங்கி மாட்டப் போறியா?" என்றான் அவன். "இல்ல, ஸ்பீக்கர் பெட்டி பாக்கப் போறேன். நீயும் வா, தூக்குறதுக்கு ஆள் வேணும்" என்றாள்.

கட்டாருக்குப் போனவன் விட்டுவிட்டுப் போன முந்நூறு வாட்ஸ் ஆம்ப் ஒன்று அவர்கள் கட்டிலுக்கடியில் வாயில்லாமல் கிடந்தது. அதற்கு வாய் தேடித்தான் இரத்தினபுரியில் நிலாமின் கடைக்குப் போனார்கள். நிலாம் பழைய சங்கீதச் சாமான்களைப் பழுது பார்த்து விற்கிறவர், ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். இரத்தினக் கல் வியாபாரிகள் தெருவில் நின்று கல்லைக் கைமாற்றும் சந்தில் அவருடைய கடை. "எவ்வளவு பெரிய கல்யாண ஹோலுக்கு, தங்கச்சி?" என்று கேட்டார். "ஹோல் இல்ல நானா, ஒரு மலைக்கு" என்றாள் ஜூலியட். நிலாம் ஆச்சரியப்படவில்லை. மலைக்குச் சரியாக எது என்று தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். முதலில் எட்டு ஸ்பீக்கர் வைத்த, ஃபிரிட்ஜ் உயரப் பெட்டியைக் காட்டினார். செபஸ்ரியன் அதை அசைத்துப் பார்த்துவிட்டு, லயத்துக்கு ஏறும் நாற்பது படியை நினைத்து, தனக்கு முதுகு ஒன்றுதான் இருக்கிறது என்றான். அடுத்தது பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு வைத்த பெட்டி. ஜூலியட் வாசித்ததும் ஒவ்வொரு சுரமும் கழுவி வைத்த கூழாங்கல் மாதிரித் தனித்தனியாக விழுந்தது. சந்தில் போனவர்களின் தலை ஆடியது. ஆனால் கீழ்க் கம்பியின் சத்தம் தெரு முனையோடு நின்றுவிட்டது. மூன்றாவது, பதினைந்து அங்குலத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள பெட்டி. அது எந்தச் சுரம் என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாக்கு மூட்டைக்குள் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் எதிரே வியாபாரிகளின் உள்ளங்கையில் கிடந்த நீலக் கற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பின. ஒரு வியாபாரி மட்டும் சலித்துக்கொண்டு கையை மூடினார்.

ஜூலியட் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பத்தை எடுத்தால் ஆட்கள் கேட்பார்கள், மலை வரும். பதினைந்தை எடுத்தால் மலை நிற்கும், கல்யாண வீட்டுக்காரர் ஏசுவார். "நானா, ரெண்டும் வேணும். பதினஞ்ச மண்ணுல வைக்கிறேன், அது மலைக்கு. நாலு பத்த அதுக்கு மேல ஏத்துறேன், அது சனத்துக்கு" என்றாள். நாற்பது வருஷமாகப் பெட்டி விற்கிற நிலாம், அடுத்த பெட்டி காட்ட எடுத்த கையை அப்படியே இறக்கிவிட்டார். "அப்ப ரெண்டையும் எடுங்க. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஓம்னா தடை. இதுவும் எட்டு ஓம், அதுவும் எட்டு ஓம். ஆம்புல இருந்து ரெண்டுக்கும் தனித்தனியாக் கொடுத்தா மொத்தம் நாலு ஓம், ஆம்ப் முழுசா மூச்சு விடும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு கோத்தா பதினாறாகும், கால்வாசி மூச்சுதான் வரும்" என்றார். பெட்டிகளை இப்போதே கொண்டுபோங்கள், மலை நின்றால் உங்களுக்கு, வந்துவிட்டால் எனக்கு எப்படியும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை என்று சொல்லி ஏற்றிவிட்டார்.

திருவிழா கோயில் மைதானத்தில், லயத்துக்குப் பக்கத்தில், மலைக்கு நேர் எதிரே. கோயில் தலைவர் இராமசாமிக்கு வேதக்காரப் பிள்ளையான ஜூலியட்டின் பெட்டிகள் அம்மன் முன்னால் நிற்பது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மாதா படம் வேறு ஒட்டியிருந்தது. சுற்றிச் சுற்றி வந்தவர் பின்புறத்துத் தகட்டைக் காட்டி, "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்றார். "எட்டு ஓம், தலைவரே." இராமசாமி செருப்பைக் கழற்றிவிட்டார். "வேதக்காரப் பெட்டிக்குள்ளயும் ஓமா! அதுவும் எட்டு!" என்று மாதா படத்துக்குப் பக்கத்திலேயே திருநீறு பூசிப் பொட்டு வைத்தார். "அப்ப ரெண்டுலயும் சேத்துப் பதினாறு." "இல்லைங்க தலைவரே, சேத்தா நாலு." இராமசாமியின் முகம் மாறியது. "எட்டும் எட்டும் நாலா? மிச்சம் பன்னெண்ட யாரு எடுத்தா?" ஜூலியட் விளக்க ஆரம்பித்து, சிரிப்பு வந்து, பாதியில் விட்டுவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அம்மனுக்குச் சேர வேண்டியதில் பன்னிரண்டு குறைகிறது என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. திருவிழாவன்று ஜூலியட் சேலை மாற்றப் போன நேரத்தில், பந்தலுக்கு லைட் போட வந்தவனைக் கூப்பிட்டு, ஓம் குறையாமல் பூட்டித் தரச் சொன்னார். அவன் தொழில் தெரிந்தவன். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கோத்து, பதினாறு ஓமும் சிந்தாமல் கொடுத்தான்.

பகல் மூன்று மணிக்கு ஜூலியட் முதல் சுரத்தை வாசித்தாள். போத்தலுக்குள் அகப்பட்ட ஈ மாதிரி ஒரு சத்தம் வந்தது. மலை எழும்பியது. மைதானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மரங்களோடும் சிரட்டைகளோடும் ஒரு முழம் முன்னால் வந்தது. பிறகு இன்னொரு முழம். முதல் சிவப்புக் கட்டைக்கு ஒரு சாண் இருந்தது. செபஸ்ரியனின் கைக் குச்சி அந்தரத்தில் நின்றது. பிள்ளைகளைத் தூக்கினவர்கள் தூக்கினார்கள், ஓடினவர்கள் ஓடினார்கள். ஜூலியட் ஓடவில்லை. பதினைந்து அங்குலத்தின் முன்னால் குனிந்து, பால் கட்டுகிறதா என்று மரப்பட்டையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, உள்ளங்கையை வைத்தாள். கால்வாசி மூச்சுதான் வந்தது. "தலைவரே, இப்ப எத்தனை ஓம்?" என்றாள். "பதினாறும்மா. ஒண்ணு கூடக் குறையல" என்றார் இராமசாமி பெருமையாக. பிறகு மலையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "தலைவரே, ஓம் குறைஞ்சாத்தான் அதுக்குக் கேக்கும்" என்றாள் ஜூலியட் நிதானமாக. அவர் குரல் இறங்கிவிட்டது. "ஓமைக் குறைக்க என் கை வராது. நீயே குறைச்சிரும்மா" என்றார்.

வயரை மாற்ற வேண்டுமென்றால் ஆம்பை அணைக்க வேண்டும், அணைத்தால் மலை இன்னும் வேகமாக வரும். அதற்குக் கருப்பாயி இருந்தாள். தன் பின்வாசலில் போய் நின்று, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி மலைக்குக் கையைக் காட்டி, "செத்த இரு, வயர் மாத்துறாங்க" என்றாள். மலை நின்றது. ஜூலியட் இடுப்பில் செருகியிருந்த பால் கத்தியால் வயர் முறுக்கை அறுத்து, சீவி, இரண்டு பெட்டிக்கும் தனித்தனியாகக் கொடுத்தாள். ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகியிருக்கும். பிறகு நிமிர்ந்து, கீழ்க் கம்பியை வெறுமனே ஒரு தடவை தட்டினாள்.

அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் குறைவு. உள்ளங்காலில் கேட்டார்கள், விலாவில் கேட்டார்கள், பொங்கல் பானையைப் பிடித்திருந்தவர்கள் விரலில் கேட்டார்கள். மலையில் இருந்த இலைகள் அத்தனையும் வெளிறிய பின்பக்கத்தைக் காட்டித் திரும்பின. அவள் அடுத்த சுரத்துக்குப் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள். மேலே இருந்த நாலு பத்தும் அதைச் சனத்துக்குப் பிரித்துக் கொடுத்தன. செபஸ்ரியன் டிரம்ஸோடு சேர்ந்துகொண்டான். பாட்டு பாதிக்கு வந்தபோது பதினோராம் நம்பர் மலை, மாடு படுக்கிற மாதிரி, முன்பக்கத்தை முதலில் மடக்கி, பிறகு பின்பக்கத்தை இறக்கி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. அதன் முதுகுக்கு மேலே, லயத்தில் யாரும் அதுவரை பார்த்திராத ஒரு துண்டு வானம் தெரிந்தது. ஒரு கட்டையும் சாயவில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலே ஓம்ல என்னமா உக்காந்துருச்சு" என்றார்.

மறுநாள் மண் ஆபீசர் வந்து, கட்டைகளை அளந்து, மலையின் உயரம் நாலு அடி குறைந்திருப்பதைக் குறித்துக்கொண்டார். மூன்று மணி வரை இருந்து, வெறுந்தேநீர் குடித்து, ஜூலியட் வாசிக்கும்போது மண்ணில் கையை வைத்துப் பார்த்தார். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "கந்த அஹகென இன்னவா" என்று சிங்களத்தில் எழுதினார். மலை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டு குடும்பமும் அவரவர் காம்பராவில் இருந்தார்கள். நிலாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மலையைச் சுற்றிப் பார்த்து, பெட்டிகளை விட்டுவிட்டு ஒரு பலாப்பழத்தோடு திரும்பிப் போனார். பேண்ட் வெளியூர் போகும்போது ஜூலியட் நாலு பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவாள். பதினைந்து வீட்டில் இருக்கும். பதிந்து வைத்த வாசிப்பை மூன்று மணிக்குப் போடுவது கருப்பாயியின் பொறுப்பு.

இந்த வருஷத் திருவிழாவில், தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த கணக்கப்பிள்ளை, நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்து, மைதானத்தின் பின் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் இல்லாததைக் கவனித்து, ஏன் என்று கேட்டார். "நீங்க உக்காந்திருக்கிறது பின்னால உக்காந்திருக்கிற மலைக்கு மறைக்குமுங்க" என்றாள் கருப்பாயி. அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கி, ஓரமாகப் போட்டுக்கொண்டார்.