கணக்கு டீச்சரின் சம்பளம்

எங்கள் பள்ளித் தாளாளருக்குச் 'சம்பளம்' என்ற சொல் வாயில் நுழையாது. 'அர்ப்பணிப்பு' என்பார். அர்ப்பணிப்பைக் கொடுத்தால் மளிகைக் கடைக்காரர் அரிசி நிறுத்துப் போடுவாரா என்று கேட்க எனக்கு நாலு வருடமாக நாக்குத் துறுதுறுக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் டிரைவர் வாங்குவதில் பாதிதான், நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் நான் வாங்குவது. டிரைவர் நல்ல மனிதர். என்னைப் பார்த்தால் பாவப்பட்டுச் சிரிப்பார். அதுதான் பற்றிக்கொண்டு வரும்.

"இந்த வருஷமும் ஏத்தித் தரலைன்னா விட்டுடு. அக்கா கோழிக்கடைல கல்லாவுல உக்கார ஆள் தேடுறா" என்று என் கணவர் சொல்லிவிட்டார். நாத்தனார் தருவதாகச் சொன்னது இதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் கோழிக்கடையில் யாரும் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட மாட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன ஆசை என்னை விடவில்லை.

ஆகவே பெற்றோர் கூட்டத்தில் விஷயத்தைப் போட்டு உடைப்பது என்று ஆசிரியர் அறையில் முடிவானது. கேட்டதும் பெற்றோர் கொதித்துப்போய்த் தாளாளரின் சட்டையைப் பிடிப்பார்கள் என்பது எங்கள் மேதாவித்தனமான கணக்கு. எல்லாரும் ஒன்றாக எழுந்து நிற்பதாகப் பேச்சு. மேசையைத் தட்டித் தட்டி அதிகம் பேசியது அறிவியல் சார்தான். கூட்டத்தில் நான் எழுந்தபோது அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். மற்ற வீரர்கள் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

நான் சொல்லிவிட்டேன். மாதம் எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த சிமெண்ட் கடைக்காரர் எழுந்தார். அவர் மகன் என் வகுப்பில் பின்னம் படிக்கிறான்.

"இவ்ளோதான் வாங்குறாங்களா?" என்று தாளாளரைக் கேட்டார். "நல்லா படிச்சவங்க இந்தக் காசுக்கு வருவாங்களா சார்? எம்பையனை வேற டீச்சர்கிட்ட மாத்துங்க."

கூடமே தலையாட்டியது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா.

தாளாளர் அசரவில்லை. மைக்கைப் பிடித்து, "அடுத்த மாசத்துலேருந்து எல்லா ஆசிரியருக்கும் ரெட்டிப்பாத் தர்றேன். பீஸ் கொஞ்சம் ஏறும், அவ்ளோதான்" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பீஸ் ஏறியது. சம்பளம் ஏறவில்லை. போய்க் கேட்டேன். "மொதல்ல காம்பவுண்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கணும்ல டீச்சர்" என்றார், பெயிண்டைக் குழைத்து நான்தான் குடிக்கப்போகிறேன் என்பதைப் போல.

சில வாரம் கழித்து, பள்ளி விட்ட நேரத்தில் சிமெண்ட் கடைக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினார். என்னைக் கண்டதும் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"வணக்கம் டீச்சர். இப்பல்லாம் நீங்க நடத்துறது பளிச்சுன்னு புரியுதுன்னு பையன் சொல்றான். காசு குடுத்தாத்தானே தரம் வரும்!"

அதே பின்னத்தைத்தான் நான் அதே வாயால் நடத்திக்கொண்டிருந்தேன். வடிகட்டின முட்டாள் என்று மனதுக்குள் திட்டினேன்.

"எங்கயும் போயிடாதீங்க டீச்சர். இப்ப சம்பளமெல்லாம் திருப்திதானே?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவர் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மரியாதையாக, என் பதிலுக்காக நின்றார்.

"நல்லாவே தர்றாங்க" என்றேன்.