தொட்டிலின் நான்காவது கால்

காலை ஒன்பது பத்து.

தங்கை வீட்டுப் பின்னறைக் கதவைத் திறந்தேன். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிலின் நான்காவது காலைச் சுற்றி நான் கட்டியிருந்த பாலித்தீன் உறை தரையில் கிடந்தது.

அந்தக் காலை வண்டு தின்றிருந்தது. வெளியே துளைகள், உள்ளே மாவு. புதுக் கால் போடலாம் என்றார் தச்சர். நான் வேண்டாம் என்றேன். அக்ரிலிக் பிசின் மணிகளை அசிட்டோனில் கரைத்து, சிரிஞ்சால் துளை துளையாக ஏற்றினேன். அசிட்டோன் மெதுவாக ஆவியாக வேண்டும். அதற்குத்தான் உறை. வேகமாகப் போனால் பிசினையும் மேலே இழுத்து வந்துவிடும்.

தங்கையின் கணவர் பின்னாலேயே வந்தார்.

"பாத்தீங்களா மச்சான், கண்ணாடி மாதிரி பளபளன்னு!"

"உறையை யார் எடுத்தது?"

"நான்தான். நேத்து சாயங்காலம். ஒரே நாத்தம். பச்சப்பிள்ளை வர்ற வீடாச்சேன்னு ஃபேனையும் போட்டேன்."

"தொடாதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தேனே."

"காலைத் தொடவே இல்லையே. உறையைத்தான் எடுத்தேன்."

தையல் ஊசி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். காலின் நடுவில் குத்தினேன். மேலோடு டக்கென்று விட்டது. பிறகு எதுவும் தடுக்கவில்லை. ஊசி காது வரை போயிற்று. பிசின் மேலே வந்து ஓடாகிவிட்டது, உள்ளே இன்னும் மாவுதான்.

அவர் குனிந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை ஊத்திடுங்களேன்."

"உள்ளே இறங்காது. முதல்ல இந்த மேலோட்டைக் கரைச்சு எடுக்கணும். அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து. நாத்தம் போக இன்னும் ஒரு வாரம்."

"ஆஸ்பத்திரியிலேருந்து கிளம்புறவகிட்ட ரெடியாயிடுச்சுன்னு ஃபோன்ல சொல்லிட்டேனே."

"என்னைக் கேட்டீங்களா மாப்ள?"

"சந்தோஷப்படட்டுமேன்னு..."

"கல்யாணத்துக்கு முன்னாடியே பிள்ளைக்குப் பேர் யோசிச்ச ஆளுதானே நீங்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. புதுக் கால் ஒரு நாள் வேலை. வித்தை காட்ட நினைத்தது நான். தொட்டிலின் மேல்விளிம்பில் கையை ஊன்றி லேசாக அழுத்தினேன். கால் முனகியது. கையை எடுத்துவிட்டேன்.

"சின்ன உசுரு மச்சான். மூணு கிலோகூட இல்லை. தாங்காதா?"

"உங்க பிள்ளை. நீங்களே வெச்சுப் பாருங்க."

அவர் தரையில் கிடந்த உறையை எடுத்து மடித்தார்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் ஓசை. தங்கை மெதுவாக நடந்து வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரு கையால் அந்தக் காலைத் தடவினாள்.

"இதாண்ணா அரிச்ச கால்? ஒரு துளைகூடத் தெரியலையே!"

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"என்ன ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கிறீங்க? கை வலிக்குதுண்ணா. படுக்க வைக்கட்டுமா?"