ஒரு நிமிஷத்துக்கு எத்தனை விலங்கு

"இன்னிக்கு வேண்டாம் மேடம், போயிட்டு வாங்க" என்று சொல்லி மகள் கதவைச் சாத்தப் போனாள். அதற்குள் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்துவிட்டது.

"டீச்சரா? உள்ள விடு."

குரல் என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். மூச்சில் மிச்சமிருந்ததை வைத்து ஒப்பேற்றிய சத்தம் அது. படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டி வாசல் வரைக்கும் வந்ததே, அதுதான் அதிசயம்.

வாசலில் நின்றவள் டீச்சரே இல்லை. ஆராய்ச்சி நிலையத்துப் பெண். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து வயதானவர்களிடம் ரத்தம் எடுப்பாள், பிறகு ஞாபகத்தைச் சோதிக்கிற கேள்விகள் கேட்பாள். கேள்வி கேட்கிற பெண்கள் எல்லாரும் அப்பாவுக்கு டீச்சர்தான். ஒரு தடவை மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வந்தவளையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"நேத்து டாக்டர் வந்து பார்த்துட்டு, இனிமே ஊசியெல்லாம் வேண்டாம், பக்கத்துல இருங்கன்னு சொல்லிட்டுப் போனார்" என்றாள் மகள் தாழ்ந்த குரலில். "அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். இந்த நேரத்துல வந்து பரீட்சை வைக்கிறதாவது?"

"தெரியும்மா. நானா வரல. ஐயாதான் காலைல போன் பண்ணி வரச் சொன்னார்."

மகள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அரை மணி நேரம் பக்கத்து வீட்டம்மாவைக் காவலுக்கு உட்கார்த்திவிட்டுப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் நடந்த சதி இது. பக்கத்து வீட்டம்மா நம்பர் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கிழவருக்கு உடம்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை.

மகள் வழியை விட்டாள்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளி, கப்பலிலிருந்து சாமான்களைத் தூக்கிக் கரையில் வைக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்துதான் இந்த ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தார்கள். டெலோமியர் என்று ஒன்று இருக்கிறதாம். செல்லுக்குள் இருக்கிற இழையின் நுனியில் ஒரு காப்பு. செல் ஒவ்வொரு தடவை இரண்டாகும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். அது எவ்வளவு நீளம் இருக்கிறது, புத்தி எவ்வளவு வேலை செய்கிறது, இரண்டுக்கும் ஏதாவது உறவு உண்டா என்பதுதான் ஆராய்ச்சி. டீச்சர் விளக்கி முடிப்பதற்குள் அப்பா புரிந்துகொண்டார்.

"கிரேன் வடத்தோட நுனியில கட்டு போட்டிருப்போம். கட்டு தேஞ்சா இழை பிரிஞ்சுக்கும். அதானே?"

"அதேதான் ஐயா."

"எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கு?"

சொல்லக்கூடாது என்பது அவர்கள் விதி. அப்பா விடவில்லை. போன வருஷம் அவர்களுடைய பெரிய டாக்டரையே பிடித்து நச்சரித்து வாங்கிவிட்டார். வயதுக்கு ரொம்பக் குட்டை என்று பதில் வந்தது. அண்ணனுக்கோ நல்ல நீளம். ஆனால் புத்தி தப்பியது அந்த நீளக்காரருக்குத்தான். கடைசி மாதங்களில் தம்பியைப் பார்த்து, "முடி வெட்ட வந்தியாப்பா?" என்று கேட்பார். அப்பா கத்தரிக்கோலை எடுத்து, துண்டைப் போர்த்தி, அண்ணனுக்கு முடி வெட்டிவிட்டு வருவார். அப்படி ஒரு நாள் வீட்டுக்கு வந்து, கழுத்தில் ஒட்டியிருந்த அண்ணனின் நரைமுடியைத் தட்டிக்கொண்டே, "நீள நுனிக்காரனே இப்படிப் போயிட்டான். குட்டை நுனிக்காரன் என் கதி என்ன பாப்பா?" என்றார்.

சாவுக்கு அவர் பயப்படவில்லை. மூளை முதலில் போய், உடம்பு பின்னால் போவதற்குத்தான் பயம். தான் போகும்போது தான் முழுசாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அது மகளுக்குத் தெரியும். இன்றைக்கு அவர் தோற்றுப்போய், அது தெரிந்தே கண்ணை மூடினால்? அதனால்தான் கதவைச் சாத்தப் பார்த்தாள்.

டீச்சர் முதலில் ரத்தம் எடுத்தாள். நரம்பு கிடைக்காமல் ரொம்ப நேரம் தடவித் தடவிப் பார்த்தாள். அப்பா மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"உனக்கும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கச் சொல்றேன். ஹாரன் அடிச்சு அடிச்சு உன் நுனியெல்லாம் எப்பவோ தேஞ்சிருக்கும்."

"உங்களோட மல்லுக்கட்டியே தேஞ்சிருக்கும்."

"ஐயா, தயாரா?" டீச்சர் மடியில் தாளை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம். உங்களுக்குத் தெரிஞ்ச விலங்கு எல்லாம் சொல்லுங்க."

இது வருஷா வருஷம் வருகிற கேள்வி. அப்பா இதற்குக் கள்ளத்தனமாகத் தயார் செய்வது வழக்கம். அகர வரிசையில் உருப்போட்டு வைத்திருப்பார். பல் தேய்க்கும்போது ஒப்பிப்பார், பஸ் ஸ்டாப்பில் ஒப்பிப்பார். பரீட்சையன்று கடகடவென்று கொட்டிவிட்டு, தலைமையாசிரியரிடம் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி வீட்டுக்கு வருவார். இது ஞாபகத்தைச் சோதிக்கிற லட்சணமா என்று மகள் கேலி செய்தால், "ஞாபகம் இருந்தாத்தானே உருப்போட முடியும்" என்று மடக்குவார்.

"அணில்" என்றார். மூச்சு வாங்கினார். "ஆமை." இன்னொரு மூச்சு. "இறால்."

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மறுபடி தொடக்கத்துக்கே போய், "அணில்..." என்றார். தானே தலையை ஆட்டி, இல்லை என்றார். கண்ணில் ஒரு கலக்கம் வந்தது. பெரியப்பாவின் கண்ணில் மகள் பார்த்த அதே கலக்கம். போதும் மேடம், நிறுத்துங்க என்று சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேனாவை மூடினாள். நிமிஷம் முடிந்துவிட்டது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்கு மேல் கிடந்த வலது கை மெல்ல உயர்ந்தது. விரல்கள் எதையோ பிடித்தன. கை முன்னால் போனது, நிதானமாகப் பின்னால் வந்தது.

"குதிரை" என்றார். "பந்தயக் குதிரை. மரப்பெட்டியில வந்துச்சு. வெள்ளைக்காரன் மாதிரி மூக்கு."

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"காளை. கப்பல் மேல்தட்டுல கட்டியிருந்தாங்க, ஒரே மழை. வயித்துல பட்டை போட்டுத் தூக்கினேன். அந்தரத்துல காலை உதைச்சுது, அப்புறம் சரி, என்ன வேணா ஆகட்டும்னு தொங்கிச்சு." கை இடப்பக்கம் நகர்ந்தது. "புலி. சர்க்கஸ்காரங்க கூண்டு. கீழ நின்னவன் எல்லாம் ஓடிட்டான், கொக்கி மாட்ட ஆளில்ல. முதலை. வாயில கயிறு. கடல்சிங்கம். தண்ணித் தொட்டியோட தூக்கினது, தண்ணி தளும்பக் கூடாது. தளும்பல."

ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை இருந்தது. அது அவர் கையில் தெரிந்தது. காளைக்குக் கை கனத்தது, கிளிக்கூண்டுக்கு விரல் மட்டும் அசைந்தது. குரங்கு வந்தது, கரடி வந்தது, வரிக்குதிரை வந்தது. குரல் கூடவில்லை, மூச்சும் கூடவில்லை. மூச்சுக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. வேலைக்காலம் முழுவதும் அப்பா வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத விலங்குகள். "இன்னிக்கு என்னப்பா இறக்கினீங்க?" என்று சின்ன வயதில் அவள் கேட்டால், "மூட்டை" என்பார். இந்த மனுஷன் இத்தனை உயிர்களைத் தலைக்குள் வைத்துக்கொண்டா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்? மகளுக்கு அப்பாவைப் புதிதாகப் பார்ப்பது போல இருந்தது. பக்கத்து மேஜையில் ரத்தக்குப்பி நின்றது. தேய்ந்துபோன நுனிகள் எல்லாம் அதற்குள் இருந்தன. இந்தப் புலியும் காளையும் எங்கே இருந்தன என்று அவளுக்கு விளங்கவில்லை.

அப்பா ஓய்ந்தார். கண்ணைத் திறந்தார்.

"எத்தனை டீச்சர்?"

டீச்சர் தாளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பொய் சொல்லுங்களேன் என்று மகளின் கண் கெஞ்சியது.

"நிமிஷத்துக்குள்ள மூணுதான் ஐயா" என்றாள் டீச்சர். "விதிப்படி அதுதான் கணக்கு. மூணுன்னுதான் பதிவாகும்."

"அதுக்கப்புறம் சொன்னது?"

"எண்ணல." அவள் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். "எண்ணணும்னே தோணல ஐயா. கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

அப்பா சிரித்தார். மெஷின் சத்தத்தில் அந்தச் சிரிப்பு கேட்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"கேட்டுச்சா பாப்பா? டீச்சரே எண்ண மறந்துட்டாங்க. குட்டை நுனி, மூணு மார்க்கு. அவங்க ஆராய்ச்சிக்கு நல்லாப் பொருந்தும், எழுதிக்கட்டும். நான் எல்லாத்தோடயும் இருக்கேன். அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"இருக்கீங்கப்பா."

டீச்சர் எழுந்திருக்கவில்லை. பையை எடுக்கவும் இல்லை. ஜன்னல் வெயில் கட்டிலின் காலைத் தாண்டிப் போகும்வரை மூவரும் அப்படியே இருந்தார்கள். மகள் அவர் உதட்டை ஈரத்துணியால் தொட்டுவிட்டாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தது.

"ஒண்ணு பாக்கி" என்றார் அப்பா திடீரென்று. வலது கை மறுபடி உயர்ந்தது.

"என்னதுப்பா?"

"ஒட்டகச்சிவிங்கி. குட்டி. திறந்த பெட்டி, தலை மட்டும் வெளிய. தூக்கத் தூக்க என் ஜன்னலுக்கு நேரா வந்து நின்னுச்சு. காத்துல பெட்டி ஆடினதால நிறுத்தி வெச்சேன். மூஞ்சிக்கு மூஞ்சி. எவ்வளவு பெரிய இமை." மூச்சுக்காகக் காத்திருந்தார். "கீழ கடல். அது கத்தல. என்னையே பார்த்துச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நானும் பார்த்தேன்."

கை இறங்கத் தொடங்கியது. ஒரு குழந்தையைத் தூக்கம் கலையாமல் பாயில் விடுகிற நிதானத்தில் இறங்கியது. நடுவில் நின்றது, ஆட்டம் அடங்குவதற்குக் காத்திருந்தது, மறுபடி இறங்கியது. போர்வையைத் தொட்டதும் நின்றது.

"தரை தொட்டாச்சு. கொக்கியக் கழட்டச் சொல்லு."

யாரிடம் சொல்வது? மகள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் கன்னம் நனைந்திருந்தது. மகள் குனிந்து, அப்பாவின் மூடிய விரல்களுக்குக் கீழே, இல்லாத கொக்கியைத் தன் விரல்களால் கழட்டினாள்.

"கழட்டியாச்சுப்பா."

பாரம் இல்லாத கை, இறங்கினதைவிட லேசாக மேலே போனது. கொஞ்ச தூரம்தான் போனது. அது போர்வையில் விழுவதற்குள் மகள் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்தாள்.